சின்ன வெங்காயப் பட்டறை: வச்சுப் பாத்தவங்க அனுபவம்

பொங்கலூர் தோட்டம்

வைகாசிப் பட்டத்துல போட்ட சின்ன வெங்காயம் (நாங்க காய்னுதான் சொல்லுவோம்) இப்ப பட்டறையில, அதாவது காத்தோட்டமா குவிச்சு வைக்கற கொட்டகையில கிடக்குதுங்க. பட்டறை எப்படிப் போடறதுன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாப்புல. பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கம் நாங்க போடற முறையைச் சொல்றேன். மத்தவங்க உங்க ஊர் வழக்கத்தை எழுதுங்க.

காய் தரையில படவே கூடாது. ஹாலோ பிளாக் கல்லை ஒரு அடி, ஒன்றரை அடி உசரத்துக்கு அடுக்கி, மேல மூங்கிலோ சவுக்குக் குச்சியோ பரப்பிக்கறோம். சுத்தியும் கம்பி வலை, இல்லீனா மூங்கில் தட்டி. நீளம் எவ்வளவு வேணா இழுத்துக்கலாம், அகலம் மட்டும் நாலடிக்கு மேல போகக்கூடாதுங்க. போனா நடுக்காய்க்குக் காத்து எட்டாது, அங்கதான் முதல்ல சூடேறும். உசரமும் நாலு, நாலரை அடியோட நிறுத்திக்கோணும். அதுக்கு மேல கொட்டுனா அடிக்காய் நசுங்கிரும். மேல தென்னங்கீத்து. தகரம் போட்டவங்களும் இருக்காங்க. வெயில் நாள் மத்தியானம் அந்தப் பட்டறைக்குள்ள கையை விட்டுப் பாருங்க, தெரியும்.

திசையை யாரும் பெருசா சொல்றதில்ல. எங்களுக்கு ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்க இருந்து வருது. அதனால பட்டறை தெக்கு வடக்கா நீளமா இருக்கோணும், அப்பத்தான் காத்து குறுக்க புகுந்து வெளிய போகும். சாரல் அடிக்கறப்ப மேற்குப் பக்கம் தார்ப்பாய் இறக்குவோம். சாரல் நின்ன உடனே சுருட்டிரோணும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தார்ப்பாயை இறக்குன கையோட கல்யாணத்துக்குப் போயிட்டாரு. வந்து பிரிச்சப்ப உள்ள காயெல்லாம் வேர்த்து ஒழுகிட்டு இருந்துச்சு. அவருக்கு மழையால போனதை விட மூடி வச்சதால போனதுதான் அதிகம்.

பாடாலூர்க் கொல்லை

அண்ணே, பட்டறைக் கணக்கெல்லாம் சரிதான். ஆனா காய் தாங்குமா தாங்காதாங்கிறது கொல்லையிலயே முடிவாயிடுது. அழுகுன காயைப் பாத்துட்டுப் பட்டறையைக் குத்தம் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு கிடையாது.

எங்க செட்டிகுளம், பாடாலூர்ப் பக்கம் பெரியவங்க பாக்குறது கழுத்தைத்தான். முக்கால்வாசித் தாள் தானா சாஞ்சு பழுத்திருக்கணும். அப்பப் பிடுங்குனாத்தான் கழுத்து சுருங்கி வாய் மூடும். விலை நல்லா இருக்குன்னு தாள் பச்சையா நிக்கும்போதே பிடுங்கினா, அந்தத் தடிச்ச கழுத்து வழியாத்தான் அழுகல் உள்ள இறங்கும். கடைசி நேரத்துல யூரியா போட்டாலும் இதே கதை. காய் பாக்கப் பெருசா, பளபளன்னு இருக்கும், உள்ள தண்ணி. விதைக்காய் (விதைக்குன்னு எடுத்து வச்ச வெங்காயம்) நட்டா 65, 70 நாள்ல வந்துரும். கோ 5 ரகம் மாதிரி விதை போட்டு நாத்து விட்டு நடுறது 90 நாள் வரைக்கும் போகும். ரெண்டுக்கும் ஒரே நாள் கணக்குல உரம் போட்டா எப்படிச் சரிவரும்?

பிடுங்குறதுக்குப் பத்து நாள் முன்னாடியே தண்ணியை நிறுத்திடுவோம். கரிசல் மண்ணுல ரொம்பக் காயவிட்டா பிடுங்க வராது, கொத்துதான் போடணும். கொத்துல அடிபட்ட காயைத் தனியா வச்சு முதல்ல வித்துடணும். பிடுங்குன காயை வரிசையாப் படுக்கப் போட்டு, முன்வரிசைக் காயைப் பின்வரிசைத் தாள் மூடுற மாதிரி அடுக்கிக்கிட்டே போவோம். வெயில் தாள்லதான் விழணும், காயில நேரா விழுந்தா தோல் வெந்துடும். மூணு நாலு நாள் இப்படிக் கிடந்து, அப்புறம் நிழல்ல கொஞ்ச நாள். தாள் அறுக்கும்போது ஒரு விரல்கடை விட்டு அறுக்கணும். ஒட்ட அறுத்தா வேலை சுத்தமாத்தான் இருக்கும், ஆனா வாய் திறந்துகிடும். குத்தகைக்குப் பேசி அறுக்கிற ஆளுங்க கிட்ட இதைப் பக்கத்துல நின்னு சொல்லணும், இல்லன்னா வேகத்துல ஒட்டத்தான் அறுப்பாங்க.

விதைக்காயை மட்டும் தாளோடவே முடிச்சுக் கட்டி, கொட்டாயில மூங்கில்ல தொங்க விடுவோம். பிடுங்குன கையோட நட்டா முளைப்பு ஒண்ணுபோல வராது, காய் ரெண்டு மாசமாவது உறங்கணும். ஐப்பசி நடவுக்கு எடுக்கும்போது கையில கனமா, கெட்டியா இருக்கணும். லேசா இருந்தா நான் நடமாட்டேன்.

கோவை மாடித்தோட்டம்

நான் ஏக்கர் கணக்குக்காரி இல்லைங்க, மாடியில பையில வளர்க்கறவ. காய் முத்தவிடாம தாளாவே பிடுங்கி, ஃபிரைட் ரைஸுக்கும் பொரியலுக்கும் எடுத்துக்குவேன். நீங்க சொல்றது எல்லாம் எனக்கு அப்படியே தலைகீழ். உங்களுக்குக் காத்தும் காய்ச்சலும் வேணும், வெங்காயத்தாளுக்குக் குளிரும் ஈரமும் வேணும். உறைநிலைக்குப் பக்கத்துக் குளிர்ல, நல்ல ஈரப்பதத்துல வச்சா மூணு நாலு வாரம் தாங்கும்னு சொல்றாங்க. வீட்டு ஃபிரிட்ஜுல ஒரு வாரம் வந்தா சந்தோஷம். வேரை வெட்டாம, ஒரு டம்ளர்ல வேர் நனையற அளவு தண்ணி விட்டு நிக்க வச்சு, மேல ஒரு கவரை லூசாக் கவுத்து வைங்க. தண்ணியை அப்பப்ப மாத்தோணும். கழுவுன தாளைத் துடைக்காம கவர்ல சுருட்டி வச்சா கொழகொழன்னு ஆயிரும். பால் பாத்திரத்தைத் தள்ளி வைங்க, இல்லீனா காபியில வெங்காயம் மணக்கும்.

அப்புறம் ஒரு சந்தேகம். உரிக்காத சின்ன வெங்காயத்தை ஃபிரிட்ஜுல வச்சா ஏன் இத்தனை சீக்கிரம் முளைக்குது?

பாடாலூர்க் கொல்லை

அக்கா, ஃபிரிட்ஜுல இருக்குற அரைகுறைக் குளிர்தான் வெங்காயத்தோட உறக்கத்தைக் கலைக்கிறது. ஒண்ணு ஜீரோ டிகிரி பக்கம் போகணும், இல்ல 25, 30 டிகிரியில வெளியில கிடக்கணும். நடுவுல வச்சா முளைச்சுரும். கூடையில கொட்டி, அடுப்புச் சூடு படாத மூலையில வைங்க, போதும்.

ஒட்டன்சத்திரம் மண்டி

வெங்காயம் வாங்குற பக்கத்துல இருந்து நானும் சொல்றேன். பட்டறைக் காய் வந்தா மூட்டையில கையை அடிவரைக்கும் விட்டுப் பாப்போம். விரல்ல கரி மாதிரி ஒட்டுனா கரும்பூஞ்சை. அது மேல்தோலோட நின்னுருந்தா புடைச்சு எடுத்துரலாம், விலையில கொஞ்சம் குறையும். காயோட அடிப்பக்கம் மெத்துன்னு இருந்தா அந்த மூட்டையே வேணாம்போம். எடையும் இறங்கும். நூறு மூட்டை வச்சவங்க நூறு மூட்டை எடுத்து நான் பாத்ததே இல்ல.

ஆனா வச்சா விலை வரும்னு நம்பித்தான் பட்டறை போடுறாங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை. 2019 டிசம்பர்ல பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டுச்சு, சின்னதும் கூடவே ஏறுச்சு. அப்பப் பட்டறையில காய் வச்சிருந்தவரு ராஜா. ஆனா விலை ஏறுனா டெல்லி சும்மா இருக்காது. 2019 செப்டம்பர்ல ஏற்றுமதித் தடை, 2020 செப்டம்பர்ல தடை, 2023 டிசம்பர்ல மறுபடியும் தடை. இது பெல்லாரியா (பெரிய வெங்காயம்), சாம்பாருக்குப் போடுற சின்ன வெங்காயமான்னு அங்க யாரும் பிரிச்சுப் பாக்குறதில்ல, எல்லாத்துக்கும் சேத்துத்தான் தடை. சிங்கப்பூர், மலேசியாவுக்குப் போக வேண்டிய நம்ம காயும் அதுல நின்னுபோகும். அதனால மொத்தத்தையும் பட்டறையில போடாதீங்க. பாதியைக் கொல்லையிலயே வித்து கூலியையும் கடனையும் அடைச்சிட்டு, மீதியை வைங்க. கடனை வச்சுக்கிட்டுப் பட்டறை போட்டவரு நல்ல விலை வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வித்துருவாரு.

பொங்கலூர் தோட்டம்

மண்டிக்காரர் சொல்றது உண்மைதானுங்க, நானும் பாதிதான் வைக்கறது.

பட்டறையில காய் முளைக்காம இருக்க மருந்து உண்டான்னு தனியா ஒருத்தர் கேட்டிருந்தாரு. முன்ன மாலெயிக் ஹைட்ரசைடுன்னு ஒரு மருந்து அடிச்சவங்க பிடுங்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னயே, தாள் பச்சையா இருக்கறப்பவே அடிச்சாங்க, இப்ப நம்ம நாட்டுல அதுக்குத் தடைங்க. தாள் வழியாத்தான் அது காய்க்கு இறங்கும், பட்டறையில கிடக்கற காய் மேல தெளிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் அடிக்கறதில்லீங்க, மூணு நாலு மாசத்துக்கு மேல நான் வைக்கறதும் இல்ல. அதை அடிச்ச பாத்தியில விதைக்கு எடுத்தா நடவுக்கு முளைக்காது.