கண்ணைச் சுற்றிப் பூசும் கிரீம்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (கிளிநொச்சி):
எனக்கு இப்போது நான்கு மாதம். கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்ததால், சந்தையில் சிறு டப்பா ஒன்றை வாங்கிப் பூசினேன். மூன்றாம் இரவே இமை தடித்துக் கண்ணீர் ஓடியது. அக்காமார், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில் (முல்லைத்தீவு):
தங்கச்சி, முதலில் அதை நிறுத்திவிட்டு, கண்ணைச் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். பார்வை மங்கினாலோ நோவு கூடினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேர்மானம் அச்சிடாத வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசமோ ஸ்டீரொயிட்டோ கலந்திருக்கக்கூடும். முன்னையது வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு, பின்னையதைக் கண்ணோரம் நெடுநாள் பூசினால் கண்ணழுத்தம் உயரலாம். ரெட்டினோல் (விற்றமின் ஏ வகை) என்று எழுதியிருந்தால், பிள்ளை பிறக்கும் வரை அதைத் தொடவே வேண்டாம்.

பதில் (வவுனியா):
வாசனை சேர்க்காததை வாங்கி, முழங்கை மடிப்பில் சில நாட்கள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டு போங்கள். ஒரு கண்ணுக்கு ஓர் அரிசி மணியளவு போதும். மோதிர விரலால் கண்குழியின் எலும்பு விளிம்பில் ஒற்றுங்கள், இமை மயிரோரம் வேண்டாம். தகரக் கூரையின் கீழ் வைத்தால் எங்கள் வெக்கையில் எந்தக் கிரீமும் கெட்டுவிடும். பரம்பரைக் கருமையைக் கிரீம் பெரிதாக மாற்றாது. இரத்தச்சோகை உண்டா என்றும் கிளினிக்கில் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், முடிவுத் திகதி இருந்த இடம் சுரண்டப்பட்டிருக்கிறது. நாளைக்குக் கிளினிக்குக்கு அதையும் கொண்டு போகிறேன்.