பிராக் நகரில் ஒரு முதியவர் காட்டிய 27 சிலுவைகள்

செக் குடியரசின் தலைநகரான பிராகுக்குப் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் வானியல் கடிகாரத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நானும் அதைப் பார்ப்பதற்காகவே அக்டோபர் மாதக் காலை ஒன்றில், பத்து மணி அடிப்பதற்கு முன்பே பழைய நகரச் சதுக்கத்தில் போய் நின்றேன். 1410-இல் அமைக்கப்பட்ட அந்தக் கடிகாரத்தில், மணி நெருங்கியதும் எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே திறக்கும் இரண்டு சிறு சன்னல்களில் இயேசுவின் சீடர்கள் பன்னிருவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து முகம் காட்டிப் போகிறார்கள். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது.

நான் மட்டும் நின்றுகொண்டிருந்ததைக் கண்ட உள்ளூர் முதியவர் ஒருவர், தம்முடன் வருமாறு சைகை செய்து, நகர மன்றக் கட்டடத்தின் மூலையைச் சுற்றிக் கிழக்குப் பக்கத்துக்கு அழைத்துப் போய்த் தம் கைத்தடியால் தரையைத் தொட்டுக் காட்டினார். நடைபாதைக் கற்களுக்கு நடுவே வெள்ளைக் கற்களால் சிலுவைகள் பதித்திருந்தார்கள். எண்ணினேன், 27 இருந்தன. சிலர் அவற்றை மிதித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற பின், அப்போது இங்கு ஆட்சி செய்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தை எதிர்த்தெழுந்த பொஹீமியத் (இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி) தலைவர்கள் 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது இந்தச் சதுக்கத்தில்தான். அவர்களில் ஒருவர் பிராக் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த மருத்துவர் யான் எஸ்ஸேனியஸ். 1600-இல் இதே நகரில் மனித உடலைப் பொதுமக்கள் முன்னிலையில் அறுத்து விளக்கிக் காட்டிய அந்த அறிஞரின் நாவை அறுத்த பிறகே தலையை வெட்டினார்கள் என்று முதியவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது, என்னால் உடனே அங்கிருந்து நகர முடியவில்லை.

கொல்லப்பட்டவர்களில் பன்னிரண்டு பேரின் தலைகளைச் சார்லஸ் பாலத்தின் பழைய நகரக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பத்தாண்டுகள் அங்கேயே இருந்தன. இதைத் தெரிந்துகொண்ட பின், 1357-இல் கட்டத் தொடங்கிய அந்தப் பாலத்துக்குள் கோபுர வாயில் வழியாக நுழைந்தபோது என் கண்கள் சிலைகளின் பக்கம் போகவே இல்லை. பாலத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் விடியற்காலையில் போவதே நல்லது. பத்து மணிக்கு மேல் நெரிசலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

பிற்பகலில் யூதர் பகுதியிலுள்ள பின்காஸ் தொழுகைக் கூடத்துக்குப் போனேன். (சனிக்கிழமைகளில் திறப்பதில்லை என்பதால் பயணத் திட்டத்தில் கவனம் வேண்டும்.) நாஜிகளால் கொல்லப்பட்ட, பொஹீமியாவையும் அதன் கிழக்கே உள்ள மொராவியாவையும் சேர்ந்த ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் அதன் உட்சுவர்களில் கையாலேயே எழுதப்பட்டிருக்கின்றன. 1950-களில் எழுதிய அந்தப் பெயர்கள் பின்னாளில் அழிந்துபோக, 1990-களில் மீண்டும் முதலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். தூரத்தில் நின்றால் சுவர் முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. ஒரு முழ தூரத்துக்கு வந்தால்தான் ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், பிறந்த நாள் என்று ஒவ்வொன்றாகத் துலங்குகிறது. ஓரிடத்தில் ஒரே குடும்பப் பெயரின் கீழ் ஐந்து பேர் இருந்தார்கள். கடைசிப் பெயருக்கு உரியவர் பிறந்த ஆண்டு 1938. வழிகாட்டியின் பின்னால் வந்த குழு ஒன்று என்னைக் கடந்து அடுத்த அறைக்குப் போகும்வரை அந்த வரிக்கு முன்னாலேயே நின்றிருந்தேன்.