புதுப்பிப்பு: மகளின் கண் ஆபரேஷன் முடிந்தது

மகளுக்கு அசதியாக இருக்கும்போதும் தூரத்தில் பார்க்கும்போதும் ஒரு கண் வெளிப்பக்கம் விலகுகிறது, ஆபரேஷன் செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துவிட்டோம், நன்றாக இருக்கிறாள்.

பலரும் பயப்படுவதுபோல் கண்ணை வெளியே எடுப்பதெல்லாம் இல்லை. முழு மயக்கம் கொடுத்து, இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் இழுக்கும் தசையைப் பிரித்து, சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைத்தார்கள், தையல் தானாகக் கரைந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிந்தைய நாட்கள்தான் கஷ்டம். வெள்ளை விழி ரத்தச் சிவப்பு, காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கண் லேசாக மூக்குப் பக்கம் திரும்பியிருந்தது. "அம்மா, ரெண்டு டம்ளர் தெரியுது" என்று ஒன்றை எடுக்கப் போய் வெறும் காற்றைப் பிடித்தாள், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிறகு கொஞ்சம் வெளியே நகரும் என்பதால் வேண்டுமென்றே சற்றுக் கூடுதலாகத் திருத்துவார்களாம். அதேபோல் தானாகச் சரியானது.

இப்போது நேராக இருக்கிறது. கண்ணாடி தொடர்கிறது, ஆபரேஷன் பவரை எடுத்துவிடாது. சில குழந்தைகளுக்கு வருடங்கள் கழித்தும் விலகல் திரும்பலாம், மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார், அதனால் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறோம்.