பி53 ஒய்220சி: ஆல்ஃபாஃபோல்டு வடிவம் மாறவே இல்லையே?

குன்னூர் மாணவி:
எம்எஸ்சி புராஜெக்டுக்கு புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் ஒய்220சி மாற்றத்தை (220-ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன்) எடுத்திருக்கிறேன். வரிசையை வைத்துப் புரத வடிவத்தைக் கணிக்கும் ஏஐ கருவியான ஆல்ஃபாஃபோல்டில் இயல்பான வரிசை, மாறிய வரிசை இரண்டுமே ஏறக்குறைய ஒரே வடிவம்தான் தருகின்றன. பிறகு எப்படிப் புற்றுநோய்? இங்கே மழை பிடித்தால் நெட் போய்விடும், பெரிய கணக்கீடு ஓட்ட வழியில்லை.

கோத்தகிரிக்காரன்:
வடிவம் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதை ஆல்ஃபாஃபோல்டு சொல்லாதும்மா. பெரிய டைரோசின் போய்ச் சின்ன சிஸ்டீன் வந்ததும் அங்கே குழி விழுகிறது. உடல் சூட்டிலேயே புரதம் குலைகிறது. அந்தக் குழியில் பொருந்தும் மருந்தைத்தான் தேடுகிறார்கள். இந்தத் துறையில் எனக்குப் பெரிய நம்பிக்கையே அதுதான். புரதத் தரவு வங்கியில் 2ஜே1எக்ஸ் என்ற ஒய்220சி வடிவத்தைப் பார், சின்ன ஃபைல்தான்.

ஊட்டிவாசி:
அதில் புரதத்தை நிலைப்படுத்த வேறு நான்கு மாற்றங்களும் உண்டு. அதனால் அந்த நான்கு மட்டும் உள்ள 1யூஓஎல் வடிவத்தோடு ஒப்பிடுங்கள்.

குன்னூர் மாணவி:
சரிண்ணா, இரண்டையும் இறக்கிவிட்டேன். குழி தெரிகிறது!