ரேடியோதோரியத்தைப் பற்றி போல்ட்வுட் எழுதிய வரி: கேலியா, நியாயமான சந்தேகமா?

தேன்மொழி:
1905இல் நியூ ஹேவன் வேதியியலாளர் பெர்ட்ரம் போல்ட்வுட், மான்ட்ரியலில் இருந்த கதிரியக்க ஆய்வாளர் ரூதர்ஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ஹான் புதிதாக அறிவித்த ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருள், தோரியம் எக்ஸும் (தோரியத்திலிருந்து பிறக்கும், முன்பே தெரிந்த கதிரியக்கப் பொருள்) முட்டாள்தனமும் சேர்ந்த புதிய சேர்மம் போலிருக்கிறது என்று அதில் வருகிறது. ஹானுக்கு அப்போது 26 வயது. துறையின் தலைமகனிடமே இப்படிச் சொன்னால் அந்த இளைஞனின் கதி என்ன? இதைச் சுவையான செய்தியாக மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது.

குமரவேல்:
தோழர், அது நண்பருக்கு எழுதிய தனிக்கடிதம். ஹான் கரிம வேதியியல் படித்தவர். ஆங்கிலம் பழகத்தான் லண்டன் போனார். அங்கே வேதியியலாளர் ராம்சே கொடுத்த கனிம உப்பிலிருந்து ரேடியம் பிரிக்கப் போய், புதுத் தனிமம் என்கிறார். ராம்சேயின் கதிரியக்க வேலைகளில் போல்ட்வுட், ரூதர்ஃபோர்டு இருவருக்கும் நம்பிக்கை குறைவு. தோரியம் எக்ஸோ 1902லேயே ரூதர்ஃபோர்டும் அவரோடு வேலை செய்த வேதியியலாளர் சாடியும் கண்டது. அதையே ஹான் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்ததில் என்ன தப்பு?

நிலாவெளி:
ஒரு சின்னச் சேர்க்கை. அந்தக் கனிமம் இலங்கைத் தோரியனைட். 1904இல் அதைக் கண்டறிந்தவர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. கறுப்பு நிற, கனசதுர வடிவப் படிகங்கள். அளவுக்கு மீறிய கனம். சரி, தொடருங்கள்.

தேன்மொழி:
குமரவேல், நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே ஆளைப் பற்றியவை. மாதிரியைப் பற்றி ஒன்றுகூட இல்லையே!

குமரவேல்:
மாதிரியைப் பற்றியும் உண்டு. கடைகளில் விற்கும் தோரிய உப்புகளின் கதிரியக்கம், கனிமத்தில் இருக்கும் தோரியத்தின் கதிரியக்கத்தில் பாதியளவுதான் என்று 1906இல் அளந்து காட்டியவர் இதே போல்ட்வுட். அந்த முரணைத் தீர்க்கத்தான் 1907இல் ஹான் மீசோதோரியத்துக்குப் போனார். புதிதாகத் தயாரித்த உப்பில் ரேடியோதோரியம் தங்கிவிடுகிறது, சிதைந்து அதை உண்டாக்கும் தாயான மீசோதோரியம் கழிவோடு போய்விடுகிறது. அதனால் சில ஆண்டுகளுக்குக் கதிரியக்கம் குறைந்துகொண்டே போய், அப்புறம் மெல்ல ஏறுகிறது. விடாமல் கேள்வி கேட்ட ஆளில்லாமல் இது வெளிவந்திருக்குமா?
இன்னொன்றும் உண்டு. ரேடியோதோரியமும் தோரியத்தின் ஐசோடோப்புதான், அதாவது அணு நிறை மட்டும் வேறான அதே தனிமம். அதைத் தோரியத்திலிருந்து வேதிமுறையில் யாராலும் பிரிக்க முடியவில்லை. அதற்கு 1913இல் சாடி விளக்கம் சொல்லும்வரை எல்லோரும் தடுமாறினார்கள். போல்ட்வுட்டே கண்டுபிடித்த அயோனியம் என்ற கதிரியக்கப் பொருளும் இதே சிக்கலில்தான் மாட்டியது.

தேன்மொழி:
1906இன் அளவீட்டை நான் மனதார மதிக்கிறேன். அது சந்தேகம், எண்ணோடு வந்த சந்தேகம். 1905இன் வரியில் எண்ணே இல்லை. அந்த உப்பைப் போல்ட்வுட் கையால் தொட்டதும் இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஹான் மான்ட்ரியல் போய்த் தன் தயாரிப்பைக் காட்டிய பிறகுதான் ரூதர்ஃபோர்டு நம்பினார். கப்பலேறக் காசோ ராம்சேயின் பரிந்துரையோ இல்லாமல் அவர் லண்டனிலேயே நின்றிருந்தால், ரூதர்ஃபோர்டின் மேசையில் அவரைப் பற்றி வேறு என்ன இருந்திருக்கும்? இந்தக் கடிதம்தானே?