கடலடி மின்வடங்களின் ‘விசைச் சேதம்’: ஒரு முன்மொழிவு

கடலடி மின்வடத்தை நிறுவும்போது அதற்கு நேரும், ஆங்கிலத்தில் mechanical damage எனப்படும் கேட்டைத் தமிழில் ‘இயந்திரச் சேதம்’ என்று வழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் அதனை இயந்திரத்துக்கு நேர்ந்த சேதம் என்றோ இயந்திரத்தால் விளைந்த சேதம் என்றோதான் கொள்வார். இங்குக் குறிக்கப்படுவதோ இழுவை, வளைவு, அமுக்கம், முறுக்கம் ஆகியவற்றால் வடத்தின் உடலில் ஏற்படும் கேடு. மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அரிமானத்தாலும் வருவனவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டவே தனிச்சொல் தேவைப்படுகிறது. ‘பொறிமுறைச் சேதம்’ என்பது mechanical என்பதைப் ‘பொறிமுறை’ என்னும் இலங்கை வழக்கோடு ஒத்துப்போகும் என்றாலும், மற்றவர்களுக்கு அச்சொல் ஒன்று இயங்கும் விதத்தையே நினைவூட்டும். ஆகவே ‘விசைச் சேதம்’ என்பதை முன்வைக்கிறேன். வளைவும் முறுக்கமும் கண்டிப்பாகப் பார்த்தால் திருப்புத்திறனால் வருவன என்று இயற்பியலார் மறுக்கலாம். அத்திருப்புத்திறனும் விசையிலிருந்தே பிறக்கிறது என்பதால் பெயர் பிழைபடாது.

‘நிறுவுதல்’ என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, கப்பலில் ஏற்றுதல், கடலில் இடுதல், கடல்தரையில் புதைத்தல், கரைக்கு இழுத்தல் என்று உட்பிரிவுகளைப் பிரிப்பது நல்லது. எல்லாவற்றையும் ‘பதித்தல்’ என்று சொல்லிவிட்டால், தரைமேல் இட்டபின் தனியாகப் புதைக்கப்படும் வடத்தைப் பற்றிப் பேச வழியில்லாமல் போகும்.

சேத வகைகளுள் ‘நசுங்கல்’ எளிதில் விளங்கும் பெயர். நீருக்குள் மீட்டருக்கு 30 கிலோகிராம் எடையுள்ள வடத்தை 500 மீட்டர் ஆழத்தில் இடும்போது, தொங்கும் பகுதியின் எடையால் மட்டுமே கப்பலில் ஏறத்தாழ 15 டன் இழுவை விழும். அலையில் கப்பல் எழுந்து தாழும்போது அது மேலும் கூடும். அந்த இழுவையைத் தாங்க, கப்பலில் வடத்தை அழுத்திப் பிடித்திருக்கும் பற்றுப்பட்டைகள் தளர்ந்தால் வடம் வழுக்கும், மிகையாக இறுகினால் நசுங்கும். புதைக்க இயலாத இடத்தில் மேலே கொட்டப்படும் பாறைத்துண்டுகளால் வருவது ‘அடிபடல்’. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கக் கூடாது. வடங்களின் விசைச் சோதனைகள் பற்றி 2015இல் பன்னாட்டு மின்துறை அமைப்பான சிக்ரே (CIGRE) வெளியிட்ட 623ஆம் தொழில்நுட்ப அறிக்கையும் இவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகளையே கூறுகிறது.

வடத்தைச் சுற்றியுள்ள உலோகக் கவசக் கம்பிகள் வெளிநோக்கிப் பிதுங்கி விரிவதற்கு (birdcaging) ‘கூண்டாதல்’ என்பது பரிந்துரைக்கப்பட்டது. பறவைக்கூண்டு என்ற உவமை தெரியாதவருக்கு அச்சொல் எதையும் விளக்காது. கயிற்றுக்கு ‘புரி’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கம்பிகள் வடத்தைச் சுற்றிச் செல்லும் திசையை வலம்புரி, இடம்புரி என்றே குறிக்கலாம், ஈரடுக்குக் கவசத்தில் முறுக்கத்தைச் சமன்செய்ய ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுவதையும் அவ்வாறே விளக்கலாம். இந்த வரிசையில் ‘புரிப்புடைப்பு’ இயல்பாகப் பொருந்துகிறது.

ஓரடுக்குக் கவசமுள்ள வடம் இழுவையில் புரி அவிழ்ந்து சுழல முயலும். கடல்தரையைத் தொடும் இடத்தில் இழுவை திடீரெனக் குறைந்தால், சேர்ந்திருந்த முறுக்கம் வடத்தை வளையமாகச் சுருட்டிவிடும். இதற்குக் ‘கண்ணி விழுதல்’ என்பதே போதும். இழுவை மீண்டும் ஏறி அவ்வளையம் இறுகும்போது நேர்வதைக் ‘கண்ணி முறிவு’ என்கிறேன். ‘சிக்கல்’ என்பது பொதுவழக்கில் வேறு பொருள் தருவதால் வேண்டாம்.

மோசமான வானிலையில் கப்பல் காத்து நிற்கையில், தொங்கும் வடத்தின் அதே பகுதி அலைதோறும் வளைந்து நிமிர்வதால் ஈரம் புகாமல் காக்கும் ஈய உறையில் நுண்விரிசல் விழும். இதற்கு (fatigue) ‘களைப்பு’ என்பதைவிட ‘அயர்வு’ பொருத்தமானது என்பது என் கருத்து.

இத்தகைய விரிசல் உள்ள வடம், இட்டபின் செய்யும் மின்னழுத்தச் சோதனையில் தேறிவிட்டு, ஈரம் மின்காப்பை எட்டிய பின்னரே பழுதாகக்கூடும். இப்படி வெளியே தெரியாமல் உள்ளே தங்கியிருக்கும் சேதத்துக்கு (latent damage) ‘உள்ளுறைச் சேதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உலோக உறையையும் வெளியுறையையும் பற்றி ஓயாமல் பேசும் துறையில் அச்சொல் உள்ளேயுள்ள உறையின் சேதம் என்றே படிக்கப்படும். ‘மறைசேதம்’ என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடத் தெளிவான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.