கலைச்சொல் உதவி: மண்சரிவைப் பார்த்துக்கொள்ளும் மக்களின் வேலைக்கு என்ன பெயர்?

கண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் பதுளை, நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் கொடுப்பதற்காக மண்சரிவு பற்றிய 16 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மலைச்சரிவில் குடியிருப்பவர்களே மழைமானி வைத்து மழையை அளக்க வேண்டும். தரைப் பிளவு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கும் ஊற்று இவற்றைக் குறித்துவைக்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் விசில் அடித்து அக்கம்பக்கத்தாரைக் கிளப்ப வேண்டும். இந்த மொத்த வேலைக்கும் தலைப்பில் ஒரு சொல் தேவை. 'குடிமக்கள்சார் மண்சரிவுக் கண்காணிப்பு' என்று முதலில் எழுதினேன். வாசிக்கவே மூச்சு வாங்குகிறது. 'மக்கள் கண்காணிப்பு' என்று சுருக்கினால் மக்களை யாரோ கண்காணிப்பதாக ஆகிவிடுகிறது. உதவுங்கள்.

கோவையிலிருந்து:

அம்மா, புதிதாகப் படைக்க வேண்டியதே இல்லை, குறிஞ்சித் திணையில் இருக்கிறது. மலைச்சரிவுப் புனத்தில் தினை விதைத்து, இதண் என்னும் பரண் மேல் ஏறி நின்று, பகலெல்லாம் கிளி ஓட்டினாளே தலைவி, அது புனங்காவல். தட்டை, குளிர், தழல் என்று ஒலி எழுப்பும் கருவிகள் அவள் கையில் இருந்தன. உங்கள் கையேட்டில் விசில் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. எனவே 'சரிவுக்காவல்' என்று வையுங்கள். கண்காணிப்பு அலுவலகச் சொல், காவல் மலைக்காரர் சொல். இலங்கையில் 'அவதானிப்பு' என்று எழுதுவார்கள். அது வடசொல், தவிர்க்கலாம்.

மதுரையிலிருந்து:

ஐயா, ஒரு ஐயம். புனங்காவல் என்றால் புனத்தைக் காத்தல். அதே தொகை இலக்கணப்படி சரிவுக்காவல் என்றால் சரிவைக் காத்தல் ஆகாதா? சரிவை ஏன் காக்க வேண்டும்? 'காவலர்' என்றால் இன்று போலீஸ்காரர். 'ஊர்க்காவல்' என்று போகலாமென்றால் அந்தப் பெயரில் படையே இருக்கிறது.

கோவையிலிருந்து:

மீன்வலை மீனைப் பிடிக்கும் வலை. கொசுவலை கொசுவைப் பிடிக்கும் வலையா தம்பி? கொசுவிலிருந்து நம்மைக் காக்கும் வலை. உருபும் பயனும் தொக்கி நிற்கும் இடத்தில் பொருளை வழக்குதான் தீர்மானிக்கும். பத்து முறை புழங்கினால் சரிவுக்காவலும் அப்படியே பழகிவிடும்.

பதுளையிலிருந்து:

ஐயா, கொசுவலை விளக்கம் அருமை. வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஆனால் அக்கா முதலில் எழுதிய இரண்டு சொற்களைப் பற்றி எங்கள் பக்கத்திலிருந்து சொல்லியே ஆக வேண்டும்.

கண்காணி என்ற சொல்தான் தோட்டத்தில் கங்காணி ஆனது. ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கூட்டிவந்தவர், கடன் கணக்கு வைத்தவர், காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று வேலை வாங்கியவர். போன வாரம் ஒரு லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) 'கண்காணிப்புக் குழு' என்று வாசித்துக் காட்டினேன். கொழுந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அக்கா கேட்டார்: "யாரு டீச்சர் கங்காணி? இந்த வேலைக்கும் எங்க மேல ஒராளா?" எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்தது 'குடிமக்கள்'. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. எஞ்சியவர்களுக்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. 'குடிமக்கள்' என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் பெரியவர்கள் பெட்டியைத் திறந்து பத்திரத்தைத் தேடுவார்கள். தயவுசெய்து அந்தச் சொல் வேண்டாம். 'ஊர்' என்பதும் ஒட்டவில்லை. என் பாட்டிக்குக் கடைசிவரை ஊர் என்றால் திருச்சிப் பக்கம்தான், இது தோட்டம்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. கேட்ட மாத்திரத்தில் புரிகிற சொல்லாக இருந்தால் போதும்.

குன்னூரிலிருந்து:

நான் நிலவியல் படித்தவன், இலக்கணத்தில் தலையிடவில்லை. ஆனால் பேச்சு ஒரு முக்கியமான விஷயத்தைத் தாண்டிப் போகிறது. இந்த வேலை வெறுமனே பார்ப்பது அல்ல. ஒரே இடத்தை, ஒரே முறையில், திரும்பத் திரும்ப அளந்து எழுதிவைப்பது. பிளவின் இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். நேற்று 40 செ.மீ., இன்று 41 என்றால் நிலம் நகர்கிறது. மழையும் அப்படித்தான். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று படி வைத்திருக்கிறது. கேரளத்தின் வயநாட்டில், கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம் ஊர்மக்களைக் கொண்டே நூற்றுக்கணக்கான இடங்களில் மழை அளக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் அங்கே முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் மண் சரிவதற்கு முந்தின நாளே அந்தக் கணக்கை வைத்து அது எச்சரித்தது. அளவு என்ற கருத்து இல்லாத சொல்லை என்னால் ஏற்க முடியாது. 'மண்நாடி பார்த்தல்' என்றால் என்ன? வைத்தியர் கைபிடித்து எண்ணுவதுபோல.

கோவையிலிருந்து:

உவமை அழகு. ஆனால் நாடி வடசொல்.

மதுரையிலிருந்து:

'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று குறளிலேயே இருக்கிறதே ஐயா?

கோவையிலிருந்து:

அது வினையெச்சம் தம்பி! நாடுதல் என்ற வினை வேறு, கையில் துடிக்கும் நாடி வேறு. 948ஆம் குறளை எடுத்துப் பாருங்கள், ஆராய்ந்து என்பதுதான் பொருள். தென்பாண்டியில் நாடி என்றால் மோவாய் என்பதையும் மறக்க வேண்டாம்.

(இதன் பிறகு மோவாய், தாடை, நாடி பற்றி பதினொரு மடல்கள் வந்தன. அவற்றைத் தனி இழையாக்கியிருக்கிறேன். - மட்டுறுத்துநர்)

பதுளையிலிருந்து:

இன்று மாலை பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு) பக்கத்தில் நான்கு பேரிடம் மூன்று சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். 'மண்நாடி' என்றதும் பரியாரி (நாட்டு வைத்தியர்) வருகிறாரா என்று கேட்டார்கள். 'சரிவுக்காவல்' புரிந்தது, ஆனால் இரவுக் காவலுக்கு ஆள் வைக்கப்போவதாக நினைத்தார்கள். 'மண்சரிவுக் காவல்' என்று முழுசாகச் சொன்னபோது சரி என்றார்கள். அவர்களில் ஒருவர் தானாகச் சொன்னது: "அதான் டீச்சர், மலையப் பாத்துக்கிறது." பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறோமே, அந்தப் பார்த்துக்கொள்ளல். கண்ணும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது.

கண்டியிலிருந்து:

நேரமாகிவிட்டது, முடிவு செய்கிறேன். அட்டையில் 'மலையைப் பார்த்துக்கொள்வோம்'. உள்ளே பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் 'மண்சரிவுக் காவல்'. ஆறு பேர் சரி என்றீர்கள், மூன்று பேருக்கு உடன்பாடில்லை. செய்பவரைக் 'காவலர்' என்று எங்கும் எழுதவில்லை, 'காவல் குழு' மட்டும்.

குன்னூரிலிருந்து:

மூவரில் நான் ஒருவன் என்று பதிவு செய்யுங்கள். காவல் என்றால் விழித்திருந்தால் போதும் என்று ஆகிவிடும். குறைந்தது கடைசிப் பக்கத்தையாவது கட்டம் போட்ட வெற்றுத்தாளாக விடுங்கள். தேதி, நேரம், மழை, பிளவின் இடைவெளி.

கண்டியிலிருந்து:

கட்டாயம் விடுகிறேன் சார்.

பதுளையிலிருந்து:

அக்கா, 6ஆம் பக்கத்தில் 'விரிசல்' என்று இருக்கிறது. இங்கே சுவரிலும் தரையிலும் விழுவதை வெடிப்பு என்றுதான் சொல்வோம். ஆனால் 'வெடிப்பு ஏற்பட்டால் ஓடுங்கள்' என்று எழுதினால் இந்த நாட்டில் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. இன்றிரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.